தம்பிக்கு வந்த கறி

பெனிசிமானி தோட்டத்துக்கு நடந்து போக ஆரம்பித்த வாரம், தென்கடலில் இருக்கிற வாவாவூத் தீவின் அந்தச் சின்ன ஊர் முழுக்க வேலியோரம் வந்து நின்று சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? வீட்டு மாமரத்தடியில் நல்ல வண்டி நிற்கிறது. அதை விட்டுவிட்டு ஐம்பத்திரண்டு வயது ஆள், நூற்று முப்பது கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு, தோளில் கடப்பாரையோடு இரண்டு மைல் சேற்றில் போகிறான். நாய்கள்கூட முதல் நாள் குரைத்தன. வண்டியில் போகிற பெனியைத்தான் அவற்றுக்குத் தெரியும்.

"என்ன பெனி, பொண்டாட்டி வண்டிச் சாவிய ஒளிச்சு வச்சுட்டாளா?" என்று பக்கத்து வீட்டு உவேப்பி கத்தினான்.

"இல்லடா. வண்டிக்குக் கொழுப்பு கூடிப்போச்சாம். தொடக்கூடாதுன்னு நர்சம்மா சொல்லிட்டாங்க."

"வண்டிக்கா, உனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். ஒண்ணாத்தானே இத்தன வருஷமா ஊர் சுத்தினோம்."

சிரிக்க வைத்துவிட்டுத்தான் போனான். ஆனால் வளைவு தாண்டியதும் ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்று மூச்சு வாங்கினான்.

நர்சம்மா சேலா சின்ன உருவம், பெரிய வாய். அவனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதால் மரியாதை எல்லாம் வைத்துக்கொள்ள மாட்டாள். அவன் நடக்க ஆரம்பிப்பதற்கு முந்தின நாள், விரலில் குத்தி எடுத்த ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ரத்தத்துல கொழுப்பு ஏழு புள்ளி ஒன்பது. அஞ்சு இருந்தாலே நான் திட்டுவேன். உங்கப்பன் எத்தன வயசுல போனாரு?"

"அம்பத்தஞ்சு."

"மாரைப் பிடிச்சுக்கிட்டுத்தானே?"

பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி லூப்பே, "ஆமா" என்றாள்.

"அப்ப நீ கேளு லூப்பே, இவன் காதுல ஏறாது. ஆட்டுக் கொழுப்புக் கறி கூடாது. டின் மாட்டுக்கறி கூடாது. தேங்காப்பால் ஞாயித்துக்கிழம மட்டும், அதும் ரெண்டு கரண்டி. மீனு, கீரை, கிழங்கு இதுதான் சாப்பாடு. வண்டிய விட்டுட்டு நடக்கணும். ஆறு மாசத்துல எறங்கலன்னா மாத்திர குடுப்பேன். அதுக்கும் எறங்கலன்னா பாதிரியார்கிட்ட சொல்லிடுவேன், அவரு பாத்துப்பாரு."

லூப்பே அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த கையோடு அலமாரியில் இருந்த டின்களை எல்லாம் ஒரு கூடையில் போட்டு வெளியே தள்ளினாள். விடிகாலையில் அலை இறங்கும்போது பாறை மேட்டுக்குப் போய் வலையோடு வருகிறவர்களிடம் மீன் வாங்கினாள். சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் வேக வைக்காமல் வெங்காயமும் தக்காளியும் போட்டுத் தண்ணீரில் வேக வைத்தாள்.

"இது என்ன, கழுவின தண்ணியா?" என்றான் பெனி.

"உன் ஆயுசு. குடி."

"என் ஆயுசு இவ்வளவு சப்புன்னா இருக்கும்?"

"இன்னொரு சட்டி இருக்கு. குடிச்சா நீளும்."

இதெல்லாம் செவ்வாய், புதன் வரைக்கும் சரியாகத்தான் போயிற்று. சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமையோடு மெலெனைட்டேயும் வந்தாள்.

மெலெனைட்டே பெனியின் அக்காள். எட்டு வயது மூத்தவள். அம்மா செத்தபோது பெனிக்கு ஆறு வயது. இடுப்பில் தூக்கிச் சுமந்து, வாயில் ஊட்டி வளர்த்தது அவள்தான். அவன் மீசை முளைக்கிற வயது வந்ததும் ஊர் வழக்கப்படி இருவருக்கும் நடுவில் மரியாதை வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு ஒரே கூரைக்கடியில் படுக்கக் கூடாது, முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது, கிண்டல் கூடாது, உடம்பைப் பற்றிய பேச்சு கூடவே கூடாது. பேசித் தீர்க்க முடியாத பாசத்தை அவள் சமைத்துத் தீர்த்தாள். கணவன் இறந்து, மகன் துறைமுகத்துக் குளிர்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகு கறிக்குக் குறைவில்லை. நியூசிலாந்துக்காரன் தன் தட்டில் வைக்காமல் கப்பலேற்றி விடுகிற ஆட்டு வயிற்றோரக் கறி, ஒரு விரல் சதைக்கு மூன்று விரல் கொழுப்பு. அதை உப்புப் போட்டுக் கெட்டித் தேங்காய்ப்பாலோடு சேம்பிலையில் பொட்டலம் கட்டி மண்ணடுப்பில் புதைத்து வேக வைத்து, சட்டியோடு எடுத்து வந்து பின்கட்டில் லூப்பே கையில் கொடுத்துவிட்டுப் போவாள். இருபது வருட வழக்கம் அது.

"தம்பிக்கு" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

அன்று அவள் போன பிறகு புருஷனும் பெண்டாட்டியும் சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இலையிடுக்கில் உருகின கொழுப்பு மினுங்கியது.

"அக்காகிட்ட சொல்லிடு பெனி" என்றாள் லூப்பே.

"என்னன்னு? என் ரத்தம், என் கொழுப்புன்னு என் அக்கா முன்னால நின்னு பேசச் சொல்றியா?"

"அப்ப நான் சொல்றேன்."

"அவங்க கொண்டாந்த சோத்த வேணாம்னு சொல்ல நீ யாரு?"

குத்திக் காட்டுவதற்காக அவன் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். அந்த ஊரில் அப்பாவின் அக்காளுக்கு மேலே ராஜாவும் கடவுளும்தான் உண்டு. அவள் கொடுத்ததைத் திருப்பக் கூடாது, பன்றிக்குப் போடக் கூடாது. அத்தையின் மனம் நொந்தால் தம்பி மகளின் வயிற்றில் பிள்ளை தங்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெனியின் ஒரே மகள் கலோ ஆக்லாந்தில் இருந்தாள். கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தாள்.

லூப்பே யோசித்து யோசித்து, சட்டியை முந்தானைக்குள் மறைப்பதுபோல் மறைத்து உவேப்பி வீட்டுக்குக் கொடுத்தாள். அவன் வீட்டில் ஏழு பேர். ஏழு பேருக்கும் வாய் இருந்தது. மறுநாள் தேவாலயத்தில் மெலெனைட்டே வழக்கமான இடத்தில் உட்காராமல் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். பாட்டுப் பாடும்போது அவள் உதடு அசையவில்லை.

வியாழக்கிழமை ஆக்லாந்திலிருந்து போன் வந்தது. கலோவுக்குக் கலைந்துவிட்டது.

லூப்பே அழுதாள், பிறகு எழுந்து தான் நெய்ததிலேயே நல்ல தாழம்பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்க மெலெனைட்டே வீட்டு வாசலில் போய்த் தலைகுனிந்து உட்கார்ந்தாள்.

"தம்பிக்கு என் கைச்சோறு பிடிக்காமப் போச்சோன்னு நெனச்சேன்" என்றாள் மெலெனைட்டே. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"ஐயோ அண்ணி, உங்க கைச்சோறுன்னா உங்க தம்பிக்கு உயிரு. அன்னிக்கு வயிறு சரியில்ல, அதான் கெட்டுப்போகுமேன்னு குடுத்தேன். இனிமே அப்படி நடக்காது."

நடக்கவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை சட்டி வந்தது. பெனி சுட்ட மீனோடு உட்கார்ந்தான். லூப்பே எதிரில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள்.

"என்ன பண்றே?"

"உன் வேலையத்தான். திருப்பக்கூடாது, கொட்டக்கூடாது, யாருக்கும் குடுக்கக்கூடாது. திங்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

முதல் நாள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொழுப்பு வாயோரம் வழிய அவள் தின்றதும், அவன் மீன்முள்ளை எடுத்துக்கொண்டே ஆசையோடு பார்த்ததும், "மோந்து பாத்துக்க, மோப்பத்துக்கு நர்சம்மா ஒண்ணும் சொல்லல" என்று அவள் சட்டியை நீட்டியதும் அவனுக்கு நல்ல நினைவாகவே இருந்தது, வெகுநாள் வரை.

திங்கட்கிழமை காலிச் சட்டியைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"சாப்புட்டானா?"

"எலும்பக்கூட விடல அண்ணி."

மெலெனைட்டேயின் முகம் பூத்துப்போயிற்று. அந்த வாரத்திலிருந்து புதன்கிழமையும் ஒரு சட்டி வர ஆரம்பித்தது.

ஆறு மாதத்தில் பெனிக்கு ஆறு புள்ளி நான்கு. ஒரு வருடத்தில் ஐந்தரை. தென்னையைப் பிடித்துக்கொண்டு நிற்பதெல்லாம் போய்விட்டது. வள்ளிக்கிழங்குக்குக் குழி தோண்டும்போது இருபது வயசுப் பையன்களோடு போட்டி போட்டான். ஊர் வழக்கப்படி உடைக்கு மேல் இடுப்பில் சுற்றுகிற பாய் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றியது. ஒவ்வொரு தடவை ரத்தம் கொடுக்கப் போகும்போதும் லூப்பே கூடவே போய் பெஞ்சில் உட்காருவாள். எண்ணைக் கேட்டதும் கைதட்டுவாள்.

ஊர் வேறு விதமாகப் பேசியது. அங்கே மெலிந்த புருஷன் என்றால் பெண்டாட்டிக்குத்தான் கெட்ட பெயர். "அவன் பங்கையும் சேத்து இவளே முழுங்கிடறா போல" என்று பாய் நெய்கிற கொட்டகையில் பெண்கள் சொன்னார்கள். லூப்பே தாழை ஓலையைக் கிழித்துக்கொண்டே, "ஆமா, உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்று சிரிப்பாள். உண்மையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

பெனியும் சும்மா இருக்கவில்லை. ஆண்கள் கூடி வேரை இடித்துக் கரைத்த காவா குடிக்கிற இடத்தில் உவேப்பி ஒரு நாள், "என்னடா, நீ எளைக்க எளைக்க அவ பெருக்குறா?" என்று கேட்டபோது, "என் கொழுப்பு எங்கயும் போகலடா, வீட்டுலதான் பத்திரமா வச்சிருக்கேன்" என்றான். காவா புரையேறச் சிரித்தார்கள். அவனுக்கு உள்ளூரப் பெருமைதான். கொழுகொழுவென்று பெண்டாட்டி தேவாலயத்துக்கு நடந்து போனால் எந்த ஆண்பிள்ளைக்குத்தான் பெருமை இருக்காது? அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்காகத் தன் வாயைத் தானே அடித்துக்கொள்ள வேண்டும்போல் அவனுக்குப் பின்னால் எத்தனையோ நாள் இருந்தது.

மூன்றாம் வருடம் கலோ மறுபடி உண்டானாள். லூப்பே அதை வெளியில் சொல்லாமல் ஐந்து மாதம் அடைகாத்தாள். சனி, புதன் சட்டிகளில் அவள் காட்டிய கவனம் அதிகமானது. ஒரு துணுக்கு மிச்சம் வைக்க மாட்டாள். இலையையும் வழித்துத் தின்றாள்.

அந்த வருடம் மழைக்காலம் புழுக்கமாக வந்தது. காற்றே இல்லை. கொட்டகையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் லூப்பே இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். தாடை வலிக்கிறது, பல்லாக இருக்கும் என்றாள், கிராம்பு கடித்தாள். முதுகில் நடுவில் பிடித்திருக்கிறது, நாளெல்லாம் குனிந்து நெய்தால் பிடிக்காதா என்றாள். ஒரு சனிக்கிழமை பாதிச் சட்டியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"போதும் வை" என்றான் பெனி.

"இன்னும் ரெண்டு துண்டுதான்."

"திங்கக்கெழம நர்சம்மாகிட்ட வா. உன் ரத்தத்தையும் பாக்கச் சொல்லலாம்."

"பாத்துட்டு? என்னையும் மீனு தின்னு, நடன்னு சொன்னா, சனிக்கெழமைக்கு யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். "கலோ பெத்துப் பொழைக்கட்டும். இன்னும் ரெண்டு மாசம். அப்புறம் நீ சொல்ற எடத்துக்கெல்லாம் வர்றேன்" என்றாள். அந்தக் கணக்கு அவனுக்கும் சரி என்றே பட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகாது, அவள் அப்பனும் அம்மாவும் எண்பது தாண்டியவர்கள், மாரைப் பிடித்துக்கொண்டு போகிற வம்சம் தன்னுடையதுதானே என்று எண்ணிக்கொண்டான். மீதி இரண்டு துண்டையும் அவள் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை, முதல் வள்ளிக்கிழங்கு தோண்டுகிற நாள். பெனி கிழங்கு உடையாமல் கையால் மண்ணை வழித்துக்கொண்டிருந்தபோது உவேப்பியின் வண்டி வரப்பெல்லாம் ஏறிக் குதித்துக்கொண்டு வந்தது. உவேப்பி இறங்கவில்லை.

"ஏறு."

"என்னடா?"

"லூப்பே விழுந்துட்டா. கேக்காத, ஏறு."

உவேப்பி அன்று மீன்பிடிக்கப் போயிருந்தான். அவன் கரையேறி வந்து வண்டியை எடுக்கும்வரை முக்கால் மணி நேரம் கொட்டகையில் பெண்கள் ஓலமிட்டிருக்கிறார்கள். மாமரத்தடியில் பெனியின் வண்டி நின்றது. சாவி அதிலேயே இருந்தது. ஓட்டத் தெரிந்த ஒருத்தி அங்கே இல்லை. ஓட்டத் தெரிந்தவன் இரண்டு மைலுக்கு அப்பால், தன் இருதயம் நன்றாக இருக்க வேண்டுமென்று நடந்து போயிருந்தான்.

பாதி நெய்த பாயின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். நர்சம்மா சேலா முழங்கால் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கை ஓய்ந்துபோய் மடியில் கிடந்தது.

"மார எவ்வளவோ அமுக்கினேன் பெனி. ரொம்ப நேரம் அமுக்கினேன்."

அவன் மண்டியிட்டு லூப்பேயின் கன்னத்தைத் தொட்டான். சூடு இருந்தது. அவன் விரலிலிருந்த மண் அவள் கன்னத்தில் ஒட்டியது.

"ஒவ்வொரு தடவையும் உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தா" என்றாள் சேலா. பெரிய வாய்க்காரி, குரலே வெளியே வரவில்லை. "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நீயும் விரல நீட்டுடின்னு சொல்லத் தோணலயே எனக்கு."

சேலாவுக்குத் தோன்றாமல் போனது. பெனிக்குத் தெரிந்தே இருந்தது.

அடக்கம் முடிந்தது. நிறைமாதம் என்று கலோவை விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். போனிலேயே அழுதாள். துக்கத்துக்கு அடையாளமான கிழிந்த பெரிய பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு பெனி வீட்டு மூலையில் கிடந்தான். யார் என்ன கொண்டுவந்து வைத்தாலும் ஈ மொய்க்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தான். மெலெனைட்டே தினமும் வந்தாள், முற்றத்தைப் பெருக்கினாள், அவன் இருக்கிற அறைப்பக்கம் வராமல் போனாள். அவள் சமைத்துக் கொண்டுவரவில்லை. துக்க வீட்டுக்குப் பொதுவில் சமைத்தார்கள்.

இருபத்து மூன்றாம் நாள் மத்தியானம் அவள் வேகமாக வந்தாள். வாசற்படியில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாள். மூச்சிரைத்தது.

"ஆக்லாந்துல இருந்து போன் வந்துச்சு. பொண்ணு. தாயும் புள்ளையும் சுகம்."

பெனி எழுந்து உட்கார்ந்தான்.

"பேரு அத்தக்காரிதானே வைக்கணும். லூப்பேன்னு வச்சுட்டேன்."

கையோடு கொண்டுவந்த சட்டியை அவள் வாசலிலிருந்து உள்ளே நகர்த்தி வைத்தாள். நல்ல செய்தி வந்ததும் அடுப்பிலிருந்து எடுத்த கையோடு ஓடி வந்திருக்கிறாள், இன்னும் ஆவி பறந்தது.

"நீ ஒண்ணும் சாப்புடறதில்லன்னாங்க. இதச் சாப்புடுவே. பரிமாற அவதான் இல்ல. ஒரு வாய் சாப்புடு தம்பி, நான் போயிடறேன்."

பெனி சட்டியைப் பார்த்தான். பிள்ளை பிறந்துவிட்டது. இனிக் கலோவுக்கு ஒன்றும் ஆகாது. வாயைப் பூட்டி வைத்துக் காப்பாற்ற இனி வீட்டில் யாரும் இல்லை.

"அக்கா, நான் இத மூணு வருஷமா சாப்புட்டதில்ல."

"என்ன சொல்றே?"

"ஒரு வாய்கூட."

"அப்ப யாரு சாப்புட்டா?"

"லூப்பே."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். சனிக்கெழமையும் புதன்கெழமையும். எனக்கு ரத்தத்துல கொழுப்புன்னு நர்சம்மா நிறுத்திட்டாங்க. அத உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கொட்டவும் முடியல. மொத தடவ அடுத்த வீட்டுக்குக் குடுத்தப்பத்தான் கலோவுக்குக் கலைஞ்சுது. மறுபடி உங்க மனசு நொந்தா..."

மெலெனைட்டே திரும்பினாள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும், அக்காள் அவன் முகத்தை நேராகப் பார்த்து. அவள் எவ்வளவு கிழவியாகிவிட்டாள் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நானா? கலோ வயித்துப் புள்ளைய நானா?" என்றாள். "நான் தூக்கி வளத்த புள்ளைக்குப் பொறந்ததுடா அது. அன்னிக்குக் கோயில்ல நான் உன்மேல கோவத்துல மொகம் திருப்பல. நீ என்னைய மறந்துட்டேன்னு அழுதேன், அதப் பாட்டுக்கு நடுவுல யாரும் பாக்கக்கூடாதுன்னு பின்னால போய் உக்காந்தேன்."

அவன் தலைகுனிந்தான்.

"நல்ல கொழுப்பாப் பாத்துப் பாத்துப் பொறுக்கினேனே. மகன்கிட்ட சண்ட போட்டு வாங்கினேனே. எலும்பக்கூட விடல அண்ணின்னு அவ சொல்லுவா. சொல்லும்போது சிரிப்பா. அப்பவே மூச்சு வாங்கும் அவளுக்கு." மெலெனைட்டே சட்டியைத் தன் மடிக்கு இழுத்து இரு கையாலும் மூடிக்கொண்டாள். சூடு சுட்டிருக்கும், கையை எடுக்கவில்லை. "ஒரு வார்த்த. நீ சொல்ல வேணாம். அவ சொல்ல வேணாம். அந்த நர்சு சொல்லியிருக்கலாம், பாதிரியார் சொல்லியிருக்கலாம், வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு எவனாவது கத்தியிருக்கலாம். மீனச் சுட்டுக் கொண்டாந்திருப்பேனே."

பெனிக்கு அழுகை வெடித்து வந்தது. ஆறு வயதில் அழுத மாதிரி அழுதான். அவனைத் தொடக்கூடாத அக்காள் வாசற்படிக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்து, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மீன் சுடத் தெரியாதா பெனி? எனக்கு மீன் சுடத் தெரியாதா?"